தன்னைச் சக்கரவர்த்தி என்று நம்பியவரைப் பற்றி எழுதுவது எப்படி?

1859 செப்டம்பர் 17ஆம் தேதி, சான் பிரான்சிஸ்கோவின் 'ஈவினிங் புல்லட்டின்' நாளிதழில் ஓர் அறிவிக்கை வந்தது. அரிசி வாணிபத்தில் நொடித்துப்போன ஜோஷுவா நார்ட்டன், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பேரரசராகத் தன்னைப் பிரகடனம் செய்திருந்தார். அதன்பின் 20 ஆண்டுகள், சாகும்வரை, அந்தப் பட்டத்தை அவர் விடவில்லை. அவரைப் பற்றி இன்று உலவும் கதைகளில் மிகப் பிரபலமான சில, அவர் உயிரோடிருந்த காலத்துத் தாள் எதிலும் இல்லாதவை.

இப்படிப்பட்ட ஒருவரின் வாழ்க்கையை எழுத உட்காரும்போது மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் பேசும். அவர் தன்னைப் பற்றிச் சொன்னது ஒன்று. அவரைச் சுற்றியிருந்த பத்திரிகை, மருத்துவர், நீதிமன்றம் போன்றோர் தங்கள் தேவைக்கேற்பச் சொன்னது இன்னொன்று. அவர் செத்த பிறகு ஊர் சேர்த்துக்கொண்டது மூன்றாவது. இந்த மூன்றையும் கலக்காமல் எழுதுவதுதான் இந்த வேலையின் முக்கால் பங்கு. எப்படிப் பிரிப்பது என்பதைக் கீழே படிப்படியாகச் சொல்கிறோம்.

எந்த வகை ஆள் என்று உடனே முடிவு கட்டாதீர்கள்

தன்னை வேறொருவராகச் சொல்லிக்கொண்டவர்கள் எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் அல்லர். 1773இல் ரஷ்யாவில் கலகம் செய்த எமெல்யான் புகச்சோவ், தான்தான் ஜார் மூன்றாம் பீட்டர் என்றார். அந்த ஜார் 1762லேயே கொல்லப்பட்டிருந்தார். தான் ஒரு கொசாக் வீரன் என்பது புகச்சோவுக்கு நன்றாகவே தெரியும். படை திரட்ட அந்தப் பெயர் தேவைப்பட்டது. 1703இல் லண்டன் வந்து, தன்னை ஃபார்மோசா (இன்றைய தைவான்) தீவுக்காரன் என்று சொல்லி, இல்லாத ஒரு நெடுங்கணக்கையே உண்டாக்கிக் காட்டிய ஜார்ஜ் சால்மனாசர், அத்தனையும் புளுகு என்று தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டார். இவ்விருவரும் வேடதாரிகள்.

இதற்கு நேர் எதிரே நிற்பவர் பிரான்ஸ் மன்னர் ஆறாம் சார்லஸ். 1392 ஆகஸ்டில் லு மான் நகருக்கு அருகே, காட்டுப்பாதையில், தன் ஆட்கள்மீதே வாளோடு பாய்ந்து சிலரைக் கொன்றார். பின்வந்த நோய்க்காலங்களில் தன் பெயர் ஜார்ஜ் என்றார். தான் மன்னன் அல்லன், தனக்கு மனைவி மக்கள் இல்லை என்று மறுத்தார். மன்னன் அல்லாதவர் மன்னன் என்று நம்புவதை எல்லாரும் எழுதுவார்கள். மன்னனாகவே இருந்தவர் அதை நம்ப மறுத்த கதையும் இதே வகையைச் சேர்ந்ததுதான். பட்டியல் தயாரிக்கும்போது அதை விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு வகையும் உண்டு. வங்காளத்தின் பாவால் ஜமீனின் இரண்டாம் குமாரர் 1909இல் டார்ஜிலிங்கில் இறந்து எரிக்கப்பட்டார் என்றார்கள். 1921இல் டாக்காவில் தோன்றிய ஒரு சந்நியாசி, தானே அந்தக் குமாரர் என்றார். 1936இல் விசாரணை நீதிமன்றம், 1940இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், 1946இல் லண்டன் பிரிவி கவுன்சில் ஆகிய மூன்றும் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லின. 'போலி' என்று தலைப்பு வைத்துவிட்டு எழுதத் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆகவே ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் 'நம்பினார்' என்பதற்கான சான்று, வலப்பக்கம் 'நடித்தார்' என்பதற்கான சான்று. ஒவ்வொரு சான்றையும் மூன்று கேள்விகளால் உரசிப் பாருங்கள். அந்தக் கோரிக்கையால் அவருக்குப் பணமோ பதவியோ வந்ததா? நட்டமும் சிறையும் வந்தபோதும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாரா? பார்வையாளர் இல்லாத இடத்திலும், தனிப்பட்ட கடிதத்திலும், அதே பெயரில்தான் கையெழுத்திட்டாரா? நார்ட்டன் 50 சென்ட் முதல் 10 டாலர் வரை மதிப்புள்ள கடன் பத்திரங்களை அச்சிட்டு விற்றார். அது வலப்பக்கம் போகும். ஆனால் கடைசிவரை ஒரு மலிவு விடுதியின் சிற்றறையிலேயே இருந்தார், இறந்தபோது கையில் மிஞ்சியது சில டாலர்தான், அது இடப்பக்கம். இரண்டு பக்கமும் நிரம்பாமல் போவதும் உண்டு. அப்போது முடிவு தெரியவில்லை என்று எழுதும் துணிவு வேண்டும்.

ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு தேதிகள்

ஒரு செய்திக்கு ஓர் அட்டை. அட்டையில் ஐந்து வரிகள் போதும்: சம்பவம் நடந்த தேதி, அது எழுத்தில் ஏறிய தேதி, எழுதியவர் அப்போது எங்கிருந்தார், எழுதியதால் அவருக்கு என்ன ஆதாயம், மூலத்தின் சொற்கள் அப்படியே. 2,000 சொல் கட்டுரைக்கு 30 முதல் 40 அட்டைகள் சேரும்வரை எழுதத் தொடங்காதீர்கள். பிறகு எழுத்தில் ஏறிய தேதிப்படி அடுக்குங்கள். இந்த ஒரு காரியம் செய்தாலே பாதிக் கட்டுக்கதை தானாக அடுக்கின் அடியில் போய் விழுந்துவிடும்.

நார்ட்டனை வைத்தே செய்து பார்க்கலாம். சான் பிரான்சிஸ்கோவை 'ஃபிரிஸ்கோ' என்று அழைப்பவருக்கு 25 டாலர் அபராதம் என அவர் 1872இல் ஆணையிட்டார் என்பது ஊரறிந்த கதை. அட்டையில் முதல் தேதி 1872. இரண்டாம் தேதியைத் தேடிக்கொண்டு போனால், அவர் காலத்துப் பத்திரிகை எதிலும் அந்த ஆணை அகப்படாது. 1939இல் வெளிவந்த ஒரு நூலில்தான் தலைகாட்டும். இடைவெளி 67 ஆண்டுகள். இதை 'ஆணையிட்டார்' என்று எழுதக்கூடாது. 'ஆணையிட்டதாகப் பிற்காலத்தில் சொல்லப்பட்டது' என்றுதான் எழுத வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோவையும் ஓக்லாந்தையும் இணைக்கும் வளைகுடாப் பாலம் பற்றியது இதைவிட நுட்பமானது. பாலம் கட்ட அவர் ஆணையிட்டது உண்மை. ஆனால் அவர் பெயரில் இரண்டு விதமான பால ஆணைகள் உள்ளன. 1869 ஆகஸ்டில் ஓக்லாந்துப் பத்திரிகை ஒன்றில் வந்தது, ஆளில்லாத பாரலோன் தீவுகள்வரை பாலத்தை நீட்டச் சொல்லும் கேலிப் பிரதி. அக்காலப் பத்திரிகையாசிரியர்கள் விற்பனைக்காக அவர் பெயரில் தாங்களே ஆணைகளை எழுதிப் போட்டார்கள். அந்தத் தொல்லை தாங்காமல்தான் 1870 முடிவில் 'பசிபிக் அப்பீல்' என்ற வார இதழைத் தன் அதிகாரபூர்வ ஏடாக நார்ட்டன் அறிவித்தார். கறுப்பினத்தவர் நடத்திய இதழ் அது. அவரை மதித்து அச்சிட்டது. 1872இல் அந்த இதழில் வந்த பால ஆணைகளே நம்பத் தக்கவை. வேதனை என்னவென்றால், 1939இல் அவர் நினைவாக வார்க்கப்பட்ட வெண்கலப் பட்டயம் 1869 ஆகஸ்ட் 18 என்ற தேதியையே தாங்கியிருக்கிறது. உலோகத்தில் பொறித்தது என்பதற்காக ஒரு தேதி சரியாகிவிடாது.

கல்லறைக்கும் இதே கதிதான். சான் பிரான்சிஸ்கோவை அடுத்த கொலமாவில் உள்ள கல்லில் பிறந்த ஆண்டு 1819. ஆனால் அந்தக் கல் நட்டது 1934இல், அவர் இறந்து 54 ஆண்டுகள் கழித்து, எச்சங்களை இடம் மாற்றியபோது. 1880 ஜனவரியில் சவப்பெட்டியில் பதித்த தகடோ 'சுமார் 65 வயது' என்றது, அப்படியானால் 1815. இப்போது ஆய்வாளர்கள் ஏற்பது 1818 பிப்ரவரி 4. பிறந்த ஆண்டை எழுதும்போது, எந்தப் பொருளில் எந்த ஆண்டு பொறிக்கப்பட்டது என்று ஒரு வரி சேருங்கள். வாசகர் வேறெங்கோ வேறு எண்ணைப் பார்த்துக் குழம்பமாட்டார்.

மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டால் கணக்கும் போட முடியும். 1859 அறிவிக்கையில் நார்ட்டன் தன்னை 'முன்பு நன்னம்பிக்கை முனை அல்கோவா விரிகுடாவைச் சேர்ந்தவன், கடந்த 9 ஆண்டு 10 மாதமாகச் சான் பிரான்சிஸ்கோவாசி' என்கிறார். பின்னோக்கி எண்ணினால் 1849 நவம்பர். அவர் ஊருக்கு வந்த மாதம் அவர் வாயாலேயே கிடைத்துவிட்டது. அரிசிக் கதையையும் இப்படிச் சோதிக்கலாம். 1852 டிசம்பரில் 2,00,000 பவுண்டு எடையுள்ள பெரு நாட்டு அரிசியை 25,000 டாலருக்குப் பேசினார் என்றால், பவுண்டு 12.5 சென்ட். சீனா ஏற்றுமதியைத் தடுத்ததால் விலை 36 சென்ட்வரை ஏறியிருந்த நேரம் அது; மேலும் கப்பல்கள் வந்து சேர்ந்ததும் 3 சென்ட்டுக்குச் சரிந்தது. ஆக, அவர் செய்த பேரம் பைத்தியக்காரத்தனம் அல்ல, அன்றைய விலையில் நல்ல பேரமே. வழக்கு கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம்வரை போய், 1854 தீர்ப்பு அவருக்கு எதிராக அமைந்தது. 1856இல் திவால்.

அடுத்து வரும் மூன்று ஆண்டுகள்தான் எழுதுபவர் வழுக்கும் இடம். 'ஊரைவிட்டுக் காணாமல் போனார், திரும்பி வந்தபோது சித்தம் கலங்கியிருந்தது' என்று ஓர் அழகான இடைவெளியைக் கதைசொல்லிகள் வைத்துவிட்டார்கள். ஆனால் 1858இல் அமெரிக்கக் காங்கிரசுக்குச் சுயேச்சை வேட்பாளராக நிற்பதாக அவர் விளம்பரம் கொடுத்திருக்கிறார். ஊரில்தான் இருந்தார், அரசியலில் நாட்டம் இருந்தது. இடைவெளி தெரிந்தால் அதை இருட்டால் நிரப்பாதீர்கள்; அந்தந்த ஆண்டின் முகவரிக் கையேடு, மக்கள்தொகைக் கணக்கு, கட்டண விளம்பரம் மூன்றையும் புரட்டுங்கள். 1870 கணக்கெடுப்பில் 'தொழில்' என்ற இடத்தில் 'பேரரசர்' என்றே எழுதியிருக்கிறது. கணக்கெடுக்க வந்த ஊழியர் அதை எழுதினார் என்பதே, ஊர் அவரை எப்படி வைத்திருந்தது என்பதற்கு நல்ல சான்று.

பழைய பத்திரிகையில் தேடும்போது

கலிஃபோர்னியப் பத்திரிகைகளுக்குக் கலிஃபோர்னியா எண்மப் பத்திரிகைத் தொகுப்பு, பிரெஞ்சுக்குத் தேசிய நூலகத்தின் 'கலிக்கா', டச்சுக்கு 'டெல்ஃபர்', லண்டன் வழக்குகளுக்கு 1674 முதல் 1913 வரையிலான ஓல்ட் பெய்லி ஆவணங்கள். இவை நான்கும் இலவசம். பிரிட்டிஷ் நாளிதழ்க் காப்பகம் கட்டணச் சேவை.

தேடலில் ஒன்றும் வராவிட்டால் ஆவணம் இல்லை என்று பொருளல்ல. பெரும்பாலும் எழுத்துக்கூட்டல்தான் காரணம். தென் அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அரௌகானியாவின் மன்னராகத் தன்னை அறிவித்த பிரெஞ்சு வழக்கறிஞர் ஒரெலி அந்துவான் தெ தூனென், சிலே நாட்டு ஆவணங்களில் ஸ்பானிய வடிவில் 'ஆரேலியோ அந்தோனியோ' ஆகிவிடுவார். இங்கிலாந்தின் கான்டர்பரியில் 1832 தேர்தலில் நின்ற 'சர் வில்லியம் கோர்ட்னி' உண்மையில் கார்ன்வாலைச் சேர்ந்த ஜான் நிகல்ஸ் டாம். அந்த 'டாம்' ஒரு கூடுதல் எழுத்தோடும் அது இல்லாமலும் அச்சாகியிருக்கிறது. 1800க்கு முந்தைய ஆங்கில அச்சில் நீண்ட எஸ், கணினிக்கு எஃப் போலத் தெரியும். 1786இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரைக் கத்தியால் குத்த முயன்ற மார்கரெட் நிகல்சனை, 'நிகல்ஃபன்' என்று அடித்துத் தேடினால்தான் பல பக்கங்கள் கிடைக்கும். ஒவ்வொரு ஆளுக்கும் குறைந்தது ஐந்து எழுத்துக்கூட்டல்களை முதலிலேயே பட்டியலிட்டுக்கொள்ளுங்கள்.

நிகல்சனைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. இங்கிலாந்தின் மணிமுடி தனக்கே உரியது என்று நம்பிய பெண் அவர். 1810இல் ஆக்ஸ்ஃபோர்டில், அவர் இறந்தபின் அவருடைய உடன்பிறந்தாரின் மகன் தொகுத்த கவிதைகள் என்று ஒரு சிறு நூல் வந்தது. எழுதியவர்கள் இரண்டு மாணவர்கள், ஒருவர் கவிஞர் ஷெல்லி. நிகல்சனோ லண்டனின் பெத்லம் மனநோய் மருத்துவமனையில் உயிரோடிருந்தார், 1828இல்தான் இறந்தார். பிரபலமான 'பைத்தியம்' ஒருவரின் பெயர், யாரும் எடுத்து உடுத்திக்கொள்ளும் சட்டையாகிவிடுகிறது. அவர் எழுதியதாகக் கிடைக்கும் எதையும், அது கைமாறிய வழி தெரியாமல் மேற்கோள் காட்டாதீர்கள்.

கோரிக்கையை முதலில் சரிபாருங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். ஒருவர் மனநோயாளி என்று பதிவானதும், அவர் சொன்ன எல்லாமே பொய் என்று எடுத்துக்கொள்வது பெரிய பிழை.

ஜேம்ஸ் டில்லி மேத்யூஸ் இதற்குச் சரியான பாடம். லண்டன் தேயிலை வணிகர். வாயுக்களால் இயங்கும் ஒரு தறி தன் மூளையைப் பின்னுவதாக நம்பினார். உலகம் முழுமைக்கும் தான் பேரரசன் என்று பட்டங்களைப் போட்டுக்கொண்டு அறிக்கை எழுதினார். அவர் சொன்னவற்றுள் ஒன்று, பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் இடையே சமாதானத் தூதராகப் போனேன் என்பது. அதையும் பிரமைக் கணக்கில் சேர்க்கத் தோன்றும். ஆனால் புரட்சிக் காலத்தில் அவர் பாரிசுக்குச் சென்று சமாதானப் பேச்சில் ஈடுபட்டதும், அங்கே 1796வரை சிறைப்பட்டதும் நடந்தவை. ஊர் திரும்பியதும் நாடாளுமன்றத்தில் அமைச்சரைத் துரோகி என்று கூவினார். 1797இல் பெத்லத்தில் அடைத்தார்கள்.

இனி அவரைப் பற்றிய முக்கிய மூலத்தைப் பாருங்கள். 1809இல் குடும்பம் அழைத்து வந்த இரு மருத்துவர்கள் அவர் தெளிவாக இருப்பதாகச் சொன்னார்கள். பெத்லத்தின் மருந்தாளரான ஜான் ஹாஸ்லம் அதை மறுக்கவே 1810இல் ஒரு முழு நூல் எழுதினார். மேத்யூஸின் நோயை இவ்வளவு விரிவாக நமக்குத் தருவது, அவரை வெளியே விடக்கூடாது என்று வாதாடியவரின் கை. நூலை ஒதுக்க வேண்டியதில்லை. நான்காம் வரியில், அதாவது 'ஆதாயம்' என்ற இடத்தில், இதைக் குறித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஹாஸ்லம் 1816இல் வேலையிழந்தார். அதற்கு வழிவகுத்த விசாரணையில் மேத்யூஸ் எழுதிவைத்த குறிப்புகளும் பேசப்பட்டன.

நீதிமன்றம் சொன்ன 'சித்தம் கலங்கியவர்' என்பதற்கும் இதே எச்சரிக்கை. தெ தூனென் 1860 நவம்பர் 17இல் அரௌகானியாவை முடியரசாக அறிவித்து, மூன்று நாளில் பட்டகோனியாவையும் சேர்த்துக்கொண்டார். 1862 ஜனவரியில் சிலே அவரைப் பிடித்தது. புத்தி பேதலித்தவர் என்று தீர்ப்பாகி, அதே ஆண்டு பிரான்சுக்கு ஏற்றி அனுப்பப்பட்டார். கலகத்துக்காகத் தண்டித்தால் பிரான்சோடு சிக்கல். பைத்தியம் என்றால் கப்பலேற்றினால் போதும். மேலும் அந்நாளில் பியோபியோ ஆற்றுக்குத் தெற்கே மாப்புச்சே மக்கள் சிலே ஆட்சிக்கு உட்படாமல் வாழ்ந்தார்கள். அவர்களில் சில தலைவர்கள் இவருக்கு ஆதரவு தந்தார்கள். அவர் மன்னர் அல்லர் என்பது வேறு, அவர் பேச்சை அங்கே கேட்க ஆளே இல்லை என்பது வேறு. சிரிப்புக்காக மாப்புச்சே மக்களைக் கதையிலிருந்து அழித்துவிடும் கட்டுரைகள் நிறைய. நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

காட்சி ஒரு நாள், அதன் பொருள் வேறொரு நாள்

பெரும் அடையாள நம்பிக்கை ஒரே இரவில் முளைப்பது அரிது. சீனாவில் தைப்பிங் கலகத்தை நடத்திய ஹோங் சியூச்சுவான் 1837இல் குவாங்சோவில் அரசுத் தேர்வில் மீண்டும் தோற்று, நோயில் கிடந்து, வானுலகக் காட்சிகளைக் கண்டார். அப்போது அவற்றுக்குக் கிறிஸ்தவப் பொருள் எதுவும் இல்லை. 1843இல் இன்னொரு முறை தோற்ற பின்னரே, முன்பு கைக்கு வந்திருந்த கிறிஸ்தவத் துண்டு நூல்களைக் கவனித்துப் படித்து, தான் இறைவனின் இரண்டாம் மகன், இயேசுவின் தம்பி என்று தெளிந்தார். இடையே ஆறு ஆண்டுகள். 1851இல் கலகம், 1853இல் நான்ஜிங் தலைநகரம், 1864இல் மரணம். அந்தப் போரில் இறந்தவர்கள் இரண்டு கோடிக்குக் குறையாது என்பதே பரவலான மதிப்பீடு. அவரது இளமையைச் சொல்லும் முக்கிய நூல் 1854இல் ஒரு மிஷனரி எழுதியது, ஹோங்கின் உறவினர் சொல்லக் கேட்டு. எனவே 1837 காட்சியின் விவரங்கள் எல்லாம், அதன் 'பொருள்' தெரிந்த பிறகு சொல்லப்பட்டவை. காலவரிசையில் இந்த மூன்று தேதிகளையும் தனித்தனியே காட்டுங்கள்.

ஆறாம் சார்லஸ் தன் உடல் கண்ணாடியால் ஆனது என்று நம்பினார் என்பதும் அப்படியே. அதை எழுதி வைத்தவர் போப் இரண்டாம் பயஸ். அவர் பிறந்தது 1405இல். எழுதியது மன்னர் இறந்து பல ஆண்டுகள் கழித்து. 'என் பெயர் ஜார்ஜ்' என்றதைப் பதிவு செய்ததோ செயின்ட் டெனி மடத்துத் துறவி, மன்னரின் சமகாலத்தவர். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கோத்தால் சான்றின் எடை மறைந்துவிடும்.

நோய்ப் பெயர் சூட்டும் ஆசை

இதை அடக்குங்கள். 'ஸ்கிசோஃப்ரினியா' என்ற சொல் 1908இல் பிறந்தது. 14ஆம் நூற்றாண்டு மன்னருக்கு அதை ஒட்டினால் கட்டுரை அங்கேயே சாய்ந்துவிடும். அறிகுறியை மூலம் சொன்னபடி எழுதுங்கள், அக்கால மருத்துவர் வைத்த பெயரை மேற்கோளுக்குள் தாருங்கள். மருத்துவ அறிவு ஒரு விதத்தில் உதவும்: ஒரு விளக்கத்தைத் தள்ளிவிட. 19ஆம் நூற்றாண்டு மனநோய் இல்லங்களில் 'நானே பேரரசன்' என்றவர்களில் பலருக்கு மூளையைத் தாக்கிய சிபிலிஸ் நோய் இருந்தது. பெருமை பேசும் கட்டம் வந்தபின் பெரும்பாலும் சில ஆண்டுகளில் முடங்கி இறந்துபோவார்கள். நார்ட்டன் 20 ஆண்டுகள் தெருத்தெருவாக நடந்து, கடிதம் எழுதி, சதுரங்கம் ஆடி வாழ்ந்தார். அவருக்கு அந்த விளக்கம் பொருந்தவில்லை என்று சொல்லலாம்; அதற்கு மேல் போகக்கூடாது.

மரபணுச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

1920இல் பெர்லின் கால்வாயிலிருந்து மீட்கப்பட்ட பெண், பின்னாளில் அன்னா ஆண்டர்சன், ரஷ்ய இளவரசி அனஸ்தாசியா தானே என்றார். ஜெர்மன் நீதிமன்றங்களில் 1938 முதல் 1970 வரை வழக்கு. எந்தப் பக்கமும் நிரூபணமாகவில்லை என்று முடிந்தது. 1984இல் இறந்தார், உடல் தகனமானது. முன்பு நடந்த அறுவைச் சிகிச்சையின்போது மருத்துவமனையில் எஞ்சிய திசுத் துண்டைக் கொண்டு 1994இல் சோதித்தார்கள். ஜார் குடும்பத்தோடு பொருந்தவில்லை. போலந்துத் தொழிலாளிப் பெண் பிரான்சிஸ்கா ஷான்ஸ்கோவ்ஸ்காவின் உறவினரோடு பொருந்தியது. அவர் யார் என்பது தீர்ந்தது. தன்னை இளவரசி என்று உளமார நம்பினாரா என்பது அந்தத் திசுவில் இல்லை. சோதனை முடிவை வைத்து 'ஏமாற்றுக்காரி' என்று எழுதுபவர்கள் இந்த இரண்டையும் குழப்புகிறார்கள்.

எதைச் சோதித்தார்கள் என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். 1795இல் சிறையில் இறந்த பிரெஞ்சு அரச வாரிசான பதினேழாம் லூயி சிறுவன் தானே என்று சொல்லி, 1845இல் டெல்ஃப்ட் நகரில் இறந்த நவுன்டார்ஃபின் விஷயத்தில் இரண்டு சோதனைகள் உண்டு: 1998இல் அவருடைய எலும்பு, 2000இல் சிறுவனுடையது என்று காக்கப்பட்ட இதயம். இரண்டும் வெவ்வேறு கேள்விக்கு விடை. ஒன்றின் முடிவை மற்றதன் தலையில் ஏற்றிய கட்டுரைகள் பல இருக்கின்றன.

தமிழில் எழுதும்போது

வினைச்சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 'அறிவித்துக்கொண்டார்' என்றால் செயல், அதற்குத் தாள் சான்று போதும். 'நம்பினார்' என்றால் உள்ளம், அதற்குக் கூடுதல் சான்று வேண்டும். 'நடித்தார்' என்றால் குற்றச்சாட்டு. 'அழைக்கப்பட்டார்' என்று எழுதினால் யார் அழைத்தது என்ற கேள்வி நிற்கும், அழைத்தவரைச் சொல்லிவிடுங்கள். 'ஆம்' விகுதி தமிழுக்குக் கிடைத்த நல்ல கருவி: 'ஆணையிட்டாராம்' என்றால் கேள்விப்பட்டது என்று வாசகருக்குப் புரியும். ஆனால் பத்திக்குப் பத்தி 'ஆம்' போட்டால் கிண்டல் தொனி ஏறிவிடும். 40 வரியில் ஒன்றிரண்டு போதும்.

'அவர்' என்றே எழுதுங்கள். அரண்மனை மன்னருக்கு 'அவர்', தெருவோரப் பேரரசருக்கு 'அவன்' என்று மாற்றினால், தீர்ப்பை விகுதியில் ஒளித்துவைத்தது போலாகும். 'பைத்தியம்', 'கிறுக்கு' ஆகியவை மூலத்தில் இருந்தால் மேற்கோளுக்குள் வரட்டும், உங்கள் வாக்கியத்தில் வேண்டாம். கோமாளியாக்கினால் இன்னொன்றும் மறைந்துபோகும்: கோர்ட்னி என்ற பெயரில் உலவிய டாமை மீட்பர் என்று நம்பிப் பின்சென்ற கூலி உழவர்களில் பலர் 1838 மே 31இல் கென்ட் மாவட்டத்து பாசன்டன் காட்டில் படையினர் சுட்டதில் அவரோடு செத்தார்கள்.

தேதி, பணம் இரண்டும் அவ்விடத்துக்குரியபடியே நிற்கட்டும். ரஷ்யப் பழைய நாட்காட்டி 18ஆம் நூற்றாண்டில் 11 நாள் பின்தங்கியது. புகச்சோவ் கொல்லப்பட்டது 1775 ஜனவரி 10 என்று ஒரு நூலிலும் 21 என்று இன்னொன்றிலும் இருந்தால், இரண்டும் சரி. 1852இன் 25,000 டாலரை இன்றைய ரூபாயாக மாற்றாதீர்கள். அன்று ஒரு பவுண்டு அரிசி என்ன விலை என்று பக்கத்தில் எழுதினால் தானாக விளங்கும். கூட்ட எண்ணிக்கையில் குறைந்ததையும் கூடியதையும் சேர்த்துத் தாருங்கள்: நார்ட்டனின் இறுதி ஊர்வலத்துக்கு வந்தவர்கள் 10,000 என்றும் 30,000 என்றும் சொல்லப்படுகிறது.

எழுதும் வரிசைக்கு ஒரு யோசனை. பிறப்பிலிருந்து தொடங்கினால் முதல் பக்கம் முழுக்க ஐயமான தேதிகளாக நிறையும். அவரே கைப்பட விட்டுச்சென்ற ஓர் ஆவணத்திலிருந்து தொடங்குங்கள்: ஓர் ஆணை, ஒரு மனு, ஒரு கடன் பத்திரம். அடுத்து அந்த நாள்வரை அவர் வந்த வழி. பிறகு ஊர் அவரை நடத்திய விதம். கட்டுக்கதைகளை நடுவில் தூவாமல், கடைசி ஐந்தில் ஒரு பங்கில், அவை எழுத்தில் ஏறிய ஆண்டு வரிசையில் வைத்தால், ஒரு மனிதர் எப்படிப் பழங்கதையாக மாறுகிறார் என்பதும் வாசகருக்குக் காணக் கிடைக்கும்.

முடித்த பின் படவிளக்கங்களைத் தனியே ஒருமுறை படியுங்கள். பிழை அதிகம் தங்குவது அங்கேதான். பம்மர், லாசரஸ் என்ற இரண்டு தெரு நாய்களோடு நார்ட்டன் இருக்கும் கேலிச்சித்திரங்களை எட்வர்ட் ஜம்ப் வரைந்தார். அவற்றின்கீழ் 'பேரரசரும் அவருடைய நாய்களும்' என்று எழுதிவிடாதீர்கள். நாய்கள் அவருடையவை அல்ல.